தீப்பொறியின் வரலாறு

இளம்பிள்ளையின் தறியோசையைக் கடந்து தென்மேற்கே சென்றால் சங்ககிரிக் கோட்டையைக் காணலாம். 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி சேலம் வட்டாரம் கும்பினியார் கைக்கு மாறும்வரை, அது மைசூர்ச் சுல்தான்களின் அரணாக விளங்கிற்று. அக்காலப் படைவீரர் ஏந்தியவை திரித் துப்பாக்கிகளும் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிகளுமே. கல் துப்பாக்கிகளைத் திப்பு சுல்தான் தம் பட்டறைகளிலேயே செய்வித்தார்.

துப்பாக்கிக்கு மருந்து, குண்டு, நெருப்பு ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றாவதே நெடுங்காலம் நம்பத்தகாததாக இருந்தது. மழை பெய்தால் திரி அணையும். கல்லின் பொறி நனைந்த மருந்தைப் பற்றாது. அடித்தாலே வெடிக்கும் பாதரச உப்பை 1800இல் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர் விவரித்தார். அத்தகைய வெடியுப்பால் துப்பாக்கியை இயக்கும் முறைக்கு 1807இல் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் காப்புரிமை பெற்றார். பின்னர் அவ்வுப்பு சிறு செப்புத் தொப்பிக்குள் அடைக்கப்பட்டது. அதுவே ‘கேப்’.

1857ஆம் ஆண்டுப் புரட்சியில் என்ஃபீல்டு தோட்டாவின் கொழுப்பை அறியாதார் யார்? ஆனால் அதே துப்பாக்கியின் கேப்பை நினைப்பவர் சிலரே. மருந்தை நம் கைவினைஞர் அரைத்தனர். ஈயக் குண்டை வார்த்தனர். கேப்புக்கோ தனித்த இரசாயனமும் எந்திரமும் தேவைப்பட்டன. மே 11 அன்று தில்லி ஆயுதக் கிடங்கை அதன் ஆங்கிலக் காவலர்களே வெடிவைத்துத் தகர்த்தனர். இருந்த கேப்புகள் குறையக் குறைய, புதிய துப்பாக்கி வெறும் இரும்புத் தடியாயிற்று. செப்டம்பரில் தில்லி வீழ்ந்தது. வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. இத்தட்டுப்பாடும் அவற்றுள் ஒன்று.

பின்னர் கேப் தோட்டாவின் அடிப்புறத்திலேயே பொருத்தப்பட்டது. 1866 அளவில் ஆங்கிலேயரான பாக்ஸர் ஒரு முறையையும், அமெரிக்கரான பெர்டன் மற்றொரு முறையையும் வகுத்தனர். பாக்ஸர் கேப்பினுள்ளேயே பட்டடை உண்டு. தோட்டாக் கூட்டின் நடுவே ஒரே துளை இருப்பதால், ஊசியால் பழைய கேப்பைத் தள்ளிவிட்டுப் புதியதை எளிதில் பொருத்தலாம். பெர்டன் முறையில் பட்டடை கூட்டிலேயே அமைந்திருக்கும். துளைகள் ஓரத்தில் இருப்பதால் ஊசி பயன்படாது. சுட்ட கூட்டில் மீண்டும் மருந்திடுவோர் பாக்ஸர் முறையை நாடுவது இதனாலேயே. அளவும் வலிமையும் பொருந்தாத கேப்பை இட்டால் ஒன்று குண்டு பாயாது, அன்றேல் அழுத்தம் மிகுந்து துப்பாக்கியே சிதறக்கூடும். ஆங்கிலேயர் முறை அமெரிக்காவிலும் அமெரிக்கர் முறை ஐரோப்பாவிலும் வேரூன்றியது விந்தையே!

1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமம் பெறச் சொல்லி, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. வாளைப் பறிப்பது எளிது. பொறியை உண்டாக்கும் அறிவைக் கல்லாதிருப்போர்க்கோ வாளிருந்தும் பயனில்லை. வீரம் குன்றியதால் மட்டும் நாடுகள் அடிமைப்படுவதில்லை; கைவிரல் நுனியளவுச் செப்புத் தொப்பியைச் செய்ய அறியாமையாலும் அடிமைப்படுகின்றன.