ராதாரிச் சீட்டு

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஊர்களில் ஒரு தலைமுறைக்கு மேல் புழங்கிய சொல் ‘ராதாரி’. பிறமலைக் கள்ளர் சாதியைச் சேர்ந்த ஒருவர் ஓர் இரவு வெளியூரில் தங்குவதற்கு வாங்கவேண்டியிருந்த அனுமதிச் சீட்டுக்கு அதுதான் பெயர்.

சொல் பாரசீகம். ‘ராஹ்’ என்றால் வழி. ‘தார்’ என்றால் பொறுப்பில் வைத்திருப்பவர். தாசில்தார், ஜமீன்தார், சுபேதார் என்பவற்றில் வருவதும் இதே ‘தார்’. ஆக, ராஹ்தார் என்பவர் வழிக்காவலர். அவர் வணிகரிடம் வாங்கிய சுங்கம் ராஹ்தாரி. முகலாயர் காலத்தில் சுங்கத்தைக் குறித்த சொல், வழிச்சீட்டையும் குறிக்கலாயிற்று. இன்றைய உருதுவில் அதற்கு நடைவழி என்றே பொருள். 2019இல் சீக்கிய யாத்திரிகர்களுக்காகத் திறந்த கர்தார்பூர் பாதையும் ராஹ்தாரிதான். தமிழில் ஹகரம் தேய்ந்து ராதாரி ஆனது.

மதுரைச் சமவெளியில் வழியையும் விளைச்சலையும் காக்கும் தொழிலுக்குப் பழைய பெயர் காவல். அதைச் செய்தவர்களில் முக்கியமானவர்கள் கள்ளர்கள். களவுபோன மாட்டுக்குத் துப்புச் சொல்லி மீட்டுக் கொடுத்தால் கிடைத்தது துப்புக்கூலி. சமணர்மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடிக்காரர்கள் மதுரை நகரத்துக்கே காவல் இருந்தார்கள். காவல்கூலி தர மறுத்த வீட்டில் களவு விழுந்ததும் உண்டு. ஆனால் சிலரது களவுக்காக ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளி ஆக்கியது வெள்ளையர் சட்டம்.

1871இல் வடஇந்தியாவுக்காக இயற்றப்பட்ட அந்தச் சட்டம், 1911இல் புதுப்பிக்கப்பட்டு மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. 1914இல் கீழக்குயில்குடிக் கள்ளர்மேல் பாய்ந்தது. சில ஆண்டுகளில் பிறமலைக் கள்ளர் அனைவரையும் வளைத்தது. ஆங்கிலத்தில் ‘டிரைப்’ என்று இருந்ததைத் தமிழ் ‘பரம்பரை’ ஆக்கிக் ‘குற்றப்பரம்பரைச் சட்டம்’ என்றது. இரத்தத்திலேயே குற்றம் ஓடுகிறது என்ற சட்டத்தின் உள்நினைப்பை இந்தப் பெயர் மறைக்காமல் காட்டிவிட்டது. மக்கள் வாயில் அது ‘ரேகைச் சட்டம்’. பத்து விரலையும் மையில் உருட்டிப் பதித்த அன்றுதான் சட்டம் அவர்கள் உடம்பைத் தொட்டது.

ரேகை வைத்தவர் இரவில் போலீஸ் கச்சேரியிலோ ஊர்ச் சாவடியிலோ ஆஜராக வேண்டும். புதுமாப்பிள்ளைக்கும் விலக்கு இல்லை என்பது அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிவந்த குறை. சந்தைக்கோ சாவு வீட்டுக்கோ போவதென்றால் ராதாரி வாங்க வேண்டும். யார், எந்த ஊருக்கு, எத்தனை நாள் என்று எழுதிய துண்டுச் சீட்டு அது. போன ஊரிலும் அதிகாரியிடம் காட்டவேண்டும். சீட்டு இல்லாமல் பிடிபட்டால் சிறை.

நாஜி ஜெர்மனி 1933இல் திறந்த டாஹாவ் வதைமுகாமைக் காக்கத் தனி ஆயுதப்படை நின்றது. அங்கே நடந்த கொலைகளோடு மதுரைப் பக்கத்தை ஒப்பிட முடியாது. ஆனால் கம்பிவேலி இல்லாமலே ஊர்களை அடைத்துவைக்க இங்கே கிராம முன்சீப்பும், பதிவேடும், துண்டுக் காகிதமும் போதுமாக இருந்தன. அவை போதாத இடத்துக்குத் துப்பாக்கி வந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மேல் போலீஸ் சுட்டதில், மாயாக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டார்கள். கள்ளர்களுக்காக வாதாடிய மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை மக்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்தார்கள்.

துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அரசு ‘கள்ளர் சீரமைப்பு’ என்று பள்ளிகளைத் திறந்தது. பள்ளி வந்தபோதும் ரேகையும் ராதாரியும் போகவில்லை. முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்டோர் நடத்திய நெடிய போராட்டத்துக்குப் பின், 1947இல் மதராஸ் மாகாணத்தில் சட்டம் நீங்கியது. நாடு முழுவதும் நீங்க 1952 ஆயிற்று. பட்டியலில் இருந்த சாதிகளுக்கு அரசு ஏட்டில் இன்று ‘சீர்மரபினர்’ என்று பெயர். ‘பரம்பரை’ இருந்த இடத்தில் ‘மரபு’ வந்திருக்கிறது. குற்றம் என்ற சொல் மட்டும் எடுக்கப்பட்டது.