கிட்வாய் நகர்ப் பிள்ளைகளும் நிர்வாகக் கல்வியும்

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் பிசினஸ் ஸ்டடீஸ் எடுத்த பிள்ளைகள் ஹென்றி ஃபயோலின் 14 நிர்வாகக் கோட்பாடுகளை வரிசை பிசகாமல் ஒப்பிப்பார்கள். வேலைப் பகிர்வு, அதிகாரமும் பொறுப்பும், கட்டளை ஒருமை என்று எல்லாம் வரும். அந்த ஃபயோல் பிரான்சு நாட்டுச் சுரங்கப் பொறியாளர். நொடித்துப்போகும் நிலையில் இருந்த ஒரு சுரங்க நிறுவனத்தின் பொறுப்பை 1888இல் ஏற்று, அதைத் தலைநிமிரச் செய்தவர். தம் பட்டறிவை எல்லாம் திரட்டி 1916இல் அவர் வெளியிட்ட நூலில் அந்தப் பதினான்கையும்விட அழுத்தமாகச் சொன்ன கருத்து வேறு ஒன்று. நிர்வாகம் பிறவியில் வரும் வரம் அல்ல, கற்றுக்கொடுக்கக் கூடியது, தொடக்கப் பள்ளியில் எளிய அளவில், உயர்நிலைப் பள்ளியில் சற்று விரிவாக, மேற்படிப்பில் ஆழமாக அதைக் கற்பிக்க வேண்டும் என்றார். பொறியியல் கல்லூரிகள் கணிதத்தை அள்ளி வழங்குகின்றன, மனிதர்களை நடத்தும் அறிவைத் தருவதில்லை என்று வருந்தவும் செய்தார். நம் தேர்வுமுறை அவருடைய பதினான்கைப் பிடித்துக்கொண்டது. அவர் பள்ளிகளிடம் வைத்த கோரிக்கை கவனிப்பாரின்றிக் கிடக்கிறது.

அந்தக் கோரிக்கையைக் கையில் எடுக்கக் கிட்வாய் நகரைவிடப் பொருத்தமான இடம் தில்லியில் எனக்குத் தெரிந்து இல்லை. மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்த பேட்டை இது. இங்குள்ள பிள்ளைகள் பலருக்கு அப்பாவோ அம்மாவோ தாத்தாவோ கோப்போடு வாழ்ந்தவர்கள். ஃபயோல் சொல்லும் அதிகாரப் படிநிலையைச் செக்‌ஷன் ஆபீசர், அண்டர் செகரட்டரி, டெபுடி செகரட்டரி என்று சாப்பாட்டு நேரத்திலேயே கேட்டு வளர்ந்த பிள்ளைகள். ஒட்டினாற்போல் உள்ள லட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி நடக்கிறது. 1923இல் தொடங்கிய அந்தக் கழகம் நகரெங்கும் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. தலைநகருக்குப் பிழைக்க வந்த நடுத்தரக் குடும்பங்கள் ஒரு கல்வி நிறுவனத்தை நூறாண்டு தாண்டியும் காத்து நிற்கின்றன என்பதே நல்ல நிர்வாகப் பாடம்.

பேட்டையின் பெயரிலும் ஒரு பாடம் இருக்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சர் ரஃபி அகமது கிட்வாய். அவர் காலத்தில், 1949இல், இரவு விமானத் தபால் சேவை தொடங்கியது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் தபாலோடு விமானங்கள் கிளம்பும். நான்கும் நாட்டின் நடுவில் உள்ள நாக்பூரில் நள்ளிரவில் கூடும். அங்கே மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் தத்தம் ஊர் திரும்பும். நான்கு நகரங்களையும் நேருக்கு நேர் இணைக்க ஆறு வழித்தடங்கள் வேண்டும். நாக்பூரை மையமாக வைத்ததால் நான்கு போதுமாயிற்று. அமெரிக்காவில் ஃபெடெக்ஸ் நிறுவனம் மெம்பிஸ் நகரை மையமாக்கி இரவுப் பார்சல் சேவையைத் தொடங்கியது 1973இல்தான். உலகமெங்கும் மேலாண்மை வகுப்புகளில் பேசப்படும் உதாரணம் அது. அதற்கு இருபத்து நான்கு ஆண்டுகள் முன்பே நம் தபால் துறை செய்து காட்டியதை எத்தனை வகுப்பறைகளில் சொல்கிறோம்? ஒரு தாளில் நான்கு புள்ளி வைத்துக் கோடு போட்டால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கே விளங்கிவிடும்.

கிட்வாய் பின்னர் உணவு அமைச்சரானார். 1952இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த ராஜாஜி உணவுப் பங்கீட்டுக் கட்டுப்பாட்டை நீக்கத் துணிந்தபோது மத்தியில் அந்தத் துறை கிட்வாயின் கையில் இருந்தது. கையிருப்பு எவ்வளவு, பதுக்கல் எவ்வளவு, கட்டுப்பாட்டை எடுத்தால் விலை ஏறுமா இறங்குமா என்று எதுவும் உறுதியாகத் தெரியாத நிலையில் எடுத்த முடிவு அது. திட்டமிடல் என்ற அத்தியாயத்தை நடத்தும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல உதாரணம் எதற்கு?

இன்னும் கண்ணெதிரே இருப்பது கிழக்குக் கிட்வாய் நகரின் மறுகட்டுமானம். ஏறத்தாழ 86 ஏக்கரில் பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டு, அரசு நிறுவனமான என்.பி.சி.சி. அடுக்குமாடிகளை எழுப்பியது. இதன் செலவுக் கணக்குத்தான் பிள்ளைகள் படிக்க வேண்டியது. கருவூலப் பணத்தை எதிர்பார்க்காமல், அதே நிலத்தில் அலுவலக இடங்களைக் கட்டி, அவற்றைக் குத்தகைக்கு விட்டு வரும் பணத்தில் வீடுகளை எழுப்புவது என்பது திட்டம். அண்டையிலுள்ள சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளுக்கு இதே வகையான திட்டம் 2016இல் ஒப்புதல் பெற்றது. 2018இல் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டுவதற்கு எதிராக மக்கள் திரண்டார்கள். தில்லி உயர்நீதிமன்றம் மரம் வெட்டத் தடை விதித்தது. நிதி மேலாண்மை, வணிகச் சூழல் என்று பாடநூலில் தனித்தனியே நிற்கும் அத்தியாயங்கள் ஒரே தெருவில் சேர்ந்து நிற்கின்றன. பால்கனியிலிருந்து பார்த்தாலே தெரியும் இதை விட்டுவிட்டு, எங்கோ உள்ள குளிர்பானக் கம்பெனியின் விளம்பரத்தை இணையத்தில் எடுத்து ஒட்டி புராஜெக்ட் என்று கொடுக்கிறார்கள் பிள்ளைகள்.

அந்தப் புராஜெக்டுக்கு 100க்கு 20 மதிப்பெண். என் கருத்தில் மீதி 80ஐவிட அந்த 20தான் முக்கியம். எழுத்துத் தேர்வுக்கு விடை மனப்பாடத்தில் கிடைத்துவிடும். ஒரு பிள்ளை தானே கடைக்குப் போய், விசாரித்து, கணக்கு எழுதி, கண்டதை ஒரு பக்கத்தில் சொல்லிப் பழகும் இடம் புராஜெக்ட் ஒன்றுதான்.

வேலையைச் செய்து பழகுவது நமக்குப் புதிதும் அல்ல. பர்மா, மலேயா நாடுகளில் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளில் பையன்கள் இளம்வயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தார்கள். எடுபிடியாகத் தொடங்கி, குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்று கணக்கின் ஒவ்வொரு படியையும் கைப்பழக்கத்தில் கற்றார்கள். தேறியவர் அடுத்தாள் ஆனார். பின்னர் ஒரு கடையின் முழுப் பொறுப்பும் தாங்கும் மேலாள் ஆனார். கடலுக்கு அப்பால் ஊரில் இருக்கும் முதலாளிக்குத் தவறாமல் கணக்குப் போய்ச் சேர வேண்டும். கண்காணிப்பு, பொறுப்புப் பகிர்வு, நம்பிக்கை மூன்றும் அந்த ஏற்பாட்டில் ஒன்றை ஒன்று தாங்கி நின்றன. சிறுவரை வீட்டை விட்டுப் பிரித்த கொடுமையும் அதில் உண்டு. அது நமக்கு வேண்டாம். கணக்கைக் கையால் எழுதிக் கற்ற முறை வேண்டும்.

அடுத்த தலைமுறை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பயின்றது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, லோயர், ஹையர், சுருக்கெழுத்து பாஸ் செய்து, ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறித் தில்லி வந்தவர்கள் கட்டிய சமூகம்தான் இந்தப் பேட்டைத் தமிழர் சமூகம். அவர்கள் கற்றது வெறும் விரல்வேகம் அல்ல. கடிதத்தின் அமைப்பு, ஓரம் விடுவது, பிழையின்மை, குறித்த நேரத்தில் முடிப்பது எல்லாம் கூடவே வந்தன. 1978இல் தமிழ்நாட்டில் பிளஸ் 2 வந்தபோது தொழிற்பிரிவும் கூடவே வந்து, அலுவலக மேலாண்மை பள்ளிப் பாடமானது. ஆனால் மதிப்பெண் குறைந்தவர்களுக்கான ஒதுக்கிடம் என்று பெற்றோர் அதைப் பார்த்தார்கள். சி.பி.எஸ்.இ.யிலும் திறன் பாடங்களின் வரிசையில் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் இருக்கிறது. அதற்கும் அதே கதி நேர்ந்துவிடக் கூடாது.

தில்லி அரசு 2019இல் தன் பள்ளிகளில் தொழில்முனைவு மனப்பான்மைப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. 2021இல் அதன் தொடர்ச்சியாகப் பிசினஸ் பிளாஸ்டர்ஸ் வந்தது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்குத் தலா 2,000 ரூபாய் விதைப்பணம் கொடுத்தார்கள். குழுவாகச் சேர்ந்து ஏதாவது செய்து காட்ட வேண்டியிருந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளையை நம்பிப் பணத்தைக் கையில் கொடுத்த துணிவை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் மேடையும் தொலைக்காட்சியும் வென்ற குழுக்களின் பின்னால் போயின. வெல்லாத குழு என்ன கற்றது? பணம் எங்கே போயிற்று, யார் யாரிடம் சொல்லாமல் முடிவெடுத்தார், சரக்கு ஏன் தேங்கியது என்று அந்தக் குழு உட்கார்ந்து எழுதியிருந்தால் அதுவே அந்த ஆண்டின் உயர்ந்த பாடம். மேலும், தொழில் தொடங்குபவர் சிலர்; மற்றவர் தொடங்கியதை நடத்துபவர் பலர். மருத்துவமனை, வங்கி, பள்ளி, நகராட்சி என எல்லாமே அந்தப் பலரால் நடக்கின்றன. கூப்பிடு தூரத்தில் உள்ள எய்ம்ஸ் மருத்துவமனையில் ஒரு நாள் சீட்டு வரிசை எப்படி நகர்கிறது என்று பார்த்துவரும் பிள்ளைக்கு அது புரியும்.

பணியாளர் நியமனத்தைப் பற்றி ஒரு சொல். திருக்குறளில் தெரிந்துதெளிதல் ஓர் அதிகாரம், தெரிந்துவினையாடல் அடுத்த அதிகாரம். ஆளைத் தேர்வது வேறு, தேர்ந்த ஆளுக்கு உரிய வேலையைக் கொடுத்து நடத்துவது வேறு என்று வள்ளுவர் பிரித்து வைத்திருக்கிறார். காலையில் தமிழ் வகுப்பில் இதைப் படிக்கும் பிள்ளை மதியம் பிசினஸ் ஸ்டடீஸில் அதே பொருளை ஆங்கிலத்தில் படிக்கிறது. இரண்டு ஆசிரியர்களும் ஒரு மணி நேரம் சேர்ந்து பேசினால் போதும்.

மேற்படிப்பு வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2022 முதல் இளநிலைச் சேர்க்கை பொது நுழைவுத்தேர்வு வழியே. இந்தூர் ஐ.ஐ.எம். 2011 முதல் பிளஸ் 2 முடித்தவரையே ஐந்தாண்டுப் படிப்பில் சேர்க்கிறது. பத்தாம் வகுப்போடு கணிதத்துக்கு முழுக்குப் போடும் பிள்ளைக்கு இவற்றில் பல கதவுகள் அடைபடும். காமர்ஸ் எடுப்பவர் பயன்பாட்டுக் கணிதத்தையாவது விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்பேட்டைக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரிகளும் பிரிவு அலுவலர்களும் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். நோட்டிங்கும் டிராஃப்டிங்கும் அவர்கள் கைக்குப் பழகியவை. மாதம் ஒரு சனிக்கிழமை அவர்களைப் பதினொன்றாம் வகுப்போடு உட்கார வையுங்கள். பள்ளி விழாவின் வரவு செலவு, கேன்டீன் கணக்கு, நூலகத்துக்குப் புத்தகம் வாங்குவது என்று உண்மையான ஒரு காரியத்தைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பிரச்சினை என்ன, வழிகள் எவை, எதைப் பரிந்துரைக்கிறோம், எவ்வளவு செலவாகும் என்று ஒரே பக்கத்தில் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். சிவப்பு மசியில் திருத்தித் திருப்பிக் கொடுங்கள், மறுபடி எழுதட்டும். இதற்குப் புதிய பாடத்திட்டமோ வாரியத்தின் ஒப்புதலோ தேவையில்லை. தலைமையாசிரியர் சம்மதித்தால் வருகிற மாதமே ஆரம்பிக்கலாம்.