தைப்பூச லீவு எங்க போச்சு?

ஓம் சரவணபவ! 

பெருமாள் கோயில்ல தொண்டு செய்யும்போது வருஷா வருஷம் தம்பிங்க கேட்கிற கேள்வி: "அண்ணே, மலேசியாவில பல மாநிலத்துல பூசத்துக்கு லீவு. நமக்கு ஏன் இல்ல?"

நமக்கும் இருந்துச்சு. 1968 ஜனவரியில பிரிட்டிஷ்காரங்க ராணுவத் தளங்களைச் சீக்கிரமா மூடப்போறதா அறிவிச்சாங்க. ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போற நிலைமை. தொழிற்சாலைகள் வரணும், உற்பத்தி பெருகணும்னு அரசாங்கம் பொது விடுமுறைகளை 16-லிருந்து 11 ஆகக் குறைச்சது. முஸ்லிம்கள் நபிகள் பிறந்தநாள் விடுமுறையை விட்டுக்கொடுத்தாங்க. கிறிஸ்தவர்களும் ஈஸ்டரை ஒட்டிய விடுமுறையை இழந்தாங்க. நம்மகிட்ட தீபாவளியா, பூசமான்னு கேள்வி வந்துச்சு. இந்து ஆலோசனை மன்றத்தைக் கலந்தாங்க. தீபாவளி நின்னுச்சு, பூசம் போச்சு.

ஒரு மசோதா நாடாளுமன்றத்துல மூணு தடவை வாசிக்கப்படணும். விவாதம் நடக்கிறது இரண்டாம் வாசிப்புல. அதிபர் ஒப்புதல் தந்த பிறகுதான் அது சட்டம். ஒரு சட்டம் ஏதாவது ஓர் இனத்தையோ மதத்தையோ பாதிக்குதான்னு பார்க்கிற அதிபர் மன்றம் 1970-லதான் வந்துச்சு. அதாவது, நம்ம லீவு போனதுக்கு அப்புறம்.

2015-ல பூச விடுமுறை கேட்டு ஆயிரக்கணக்கான பேர் இணையத்துல கையெழுத்துப் போட்டாங்க. நாடாளுமன்றத்துலயும் கேள்வி வந்துச்சு. ஒரு சமூகத்துக்குக் கூட்டினா மத்தவங்களும் கேட்பாங்கன்னு அரசாங்கம் மறுத்துடுச்சு.

ஆனா மேளம் திரும்பி வந்ததை மறக்காதீங்க. ஊர்வலத்துல வாத்தியம் வாசிக்க 1973-லிருந்து தடை. இது போலீஸ் அனுமதியோட சேர்ந்த நிபந்தனை. மூணு பக்தர்கள் உயர் நீதிமன்றம் வரை போனாங்க. 2015-ல மனு தள்ளுபடி. ஆனாலும் பேச்சு நிக்கல. இந்து அறக்கட்டளை வாரியமும் தொண்டர்களும் அதிகாரிகளோட உட்கார்ந்து பேசினாங்க. 2016-ல மூணு இடத்துல நேரடி இசைக்கு அனுமதி கிடைச்சது. 2019-ல காவடியோடவே நம்ம வாத்தியங்கள் நடந்து வந்துச்சு.

46 வருஷம்! கோர்ட்ல கிடைக்காதது பேச்சுல கிடைச்சது. ஊர்வலத்தை நாம ஒழுங்கா நடத்திக் காட்டினா, நம்ம பேச்சுக்கு மதிப்பு கூடும். லீவு விஷயத்தையும் தொகுதி எம்.பி.யைச் சந்திச்சு மரியாதையா கேட்டுக்கிட்டே இருப்போம்.

அதுவரைக்கும், நான் சூப்பர்வைசரா சொல்றேன்: பூசத்துக்கு லீவு வேணும்னா முன்கூட்டியே எழுதிக் கொடுங்க. ரோஸ்டர் போட்ட பிறகு வந்து கேட்டா, முருக பக்தனான சூப்பர்வைசராலயும் ஒண்ணும் செய்ய முடியாது.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!