ஊமத்தை சீமை சென்ற வரலாறு

வேலியோரத்திலும் குப்பைமேட்டிலும் விதைப்பாரின்றி வளரும் ஊமத்தை, கத்தரிக்கும் தக்காளிக்கும் உறவான செடி. ஆயினும் வேர் முதல் விதையீறாக அதன் உறுப்பனைத்தும் நஞ்சு. உண்டார்க்கு நா வறளும், கண்மணி விரியும், அறிவு மயங்கிப் பிதற்றல் உண்டாகும், அளவு மிகின் உயிரும் நீங்கும். வடமொழியார் இதனை ‘உன்மத்தம்’ என்றது இம்மயக்கம் நோக்கியே. தேவார ஆசிரியர்களோ ‘மத்தம்’ எனப் பெயர் கூறி, கொன்றையோடும் எருக்கோடும் சிவபிரான் சடையிற் சூட்டினர்.

1563இற் கோவாவில் அச்சேறிய தமது நூலிலே போர்த்துக்கீச மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, ஊமத்தையை உணவிற் கலந்து கொடுத்துக் களவு செய்வாரைக் குறித்துள்ளார். நாட்டு மருத்துவம் இதன் வேறொரு குணத்தையும் கண்டிருந்தது. உலர்த்திய ஊமத்தையின் புகையை உள்ளிழுப்பின் தொய்வு நோயாளியின் மூச்சுமுட்டுத் தணியும் என்பதே அது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே சென்னையிற் கிழக்கிந்தியக் கும்பனியின் தலைமை மருத்துவராயிருந்தவர் ஜேம்ஸ் அண்டர்சன். அவ்வூரில் வழங்கிய இப்புகைமுறையை அவர் வாயிலாக அறிந்த தளபதி ஜென்ற், 1802இல் அதனைப் பிரித்தானியாவிற்குக் கொண்டு சென்று எடின்பரோவில் சிம்ஸ் என்னும் மருத்துவரிடம் சேர்த்தார். அங்கே எளிதிற் கிடைத்த பிறிதோர் ஊமத்தையினமும் அதே பயனைத் தரக்கண்டு, மருத்துவர் அதனைக் கைக்கொண்டனர். மூவர் பெயரும் ஏட்டில் நின்றன. அவர்க்கு வழிகாட்டிய சென்னை மக்களுள் ஒருவர் பெயரேனும் இவ்வரலாற்றில் வழங்கக் காணோம். கும்பனிக் காலத்து மருத்துவ வரலாற்றிலே இஃது அரிதான நிகழ்ச்சியன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன் ஊமத்தையிலை இட்ட ‘ஆஸ்த்மா சிகரெட்டுகள்’ ஐரோப்பியக் கடைகளில் விற்பனையாயின. பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்டும் அத்தகையவற்றைப் புகைத்தவரே. மருந்து சரக்கான பின்னர் வாங்குவோனே மருத்துவனாயினான். நாளடைவில் மயக்கம் நாடியும் சிலர் இவற்றைப் பயன்படுத்தலாயினர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பல நாடுகளில் இவை கடைகளை விட்டு மறைந்தன.

புகையின் பயன் வெறுநம்பிக்கையன்று. ஊமத்தையிலுள்ள அத்திரோப்பீன் முதலிய காரப்பொருள்கள் மூச்சுக்குழாய்த் தசையை இறுக்கும் நரம்புத் தூண்டலைத் தடுக்கின்றன. தசை நெகிழ, காற்று வழி திறக்கின்றது. நாவை வறளச் செய்வதும் கண்மணியை விரிப்பதும் இப்பொருள்களே. செடிக்குச் செடி, உறுப்புக்கு உறுப்பு இவற்றின் அளவு வேறுபடுதலால், நேற்றுப் பொறுத்த அளவே இன்று கேடாகலாம்.

நாட்டு வழக்கிற் கூறப்படுவன யாவும் இவ்வாறு நிலைநின்றன எனல் பொருந்தாது. விசர்நாய்க் கடிக்கு ஊமத்தை கொடுக்கும் வழக்கம் எவரையும் காத்ததற்குச் சான்றில்லை. நஞ்சின் மேல் நஞ்சு சேர்ந்ததே மிச்சம். அந்நோய்க்குத் தடுப்பு 1885இற் பாஸ்ரர் கண்ட ஊசிமருந்தினாலேயே வாய்த்தது. இலைச்சாற்றைத் தேங்காயெண்ணெயோடும் துருசோடும் காய்ச்சிய மத்தன் தைலமோ, புண்ணுக்குப் பூசும் மருந்தாகச் சித்த வைத்தியத்தில் இன்றும் உள்ளது. புகைமுறையும் முற்றாக மறைந்துவிடவில்லை. அத்திரோப்பீனின் அமைப்பைத் திருத்தி ஆக்கிய இப்பிரத்திரோப்பியம் என்னும் மருந்து 1970களில் வழக்கிற்கு வந்தது. மூச்சுமுட்டோடு வருவோர்க்கு ஆஸ்பத்திரிகளில் முகமூடி வழியே ஆவியாகக் கொடுக்கப்படும் மருந்துகளுள் அதுவும் ஒன்று.