தோட்டத்து மண்டபத்திலிருந்து 'பாஸ்' பொத்தான் வரை

ஓடிக்கொண்டிருக்கும் நேரலையை ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்தலாம். அடுப்படிக்குப் போய் வந்து, விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். பிடிக்கவில்லையென்றால் அடுத்த அலைவரிசைக்குத் தாவலாம். ஈப்போவின் சாதாரண தாமான் வீடுகளுக்கும் இந்த வசதி வந்துவிட்டது. ஆனால் அந்த வீடுகளில் இருக்கும் பெரியவர்கள் பலர் தோட்டத்து லயங்களில் பிறந்தவர்கள். அவர்களுடைய இளமைக் காலத்தில் தொலைக்காட்சி யாருக்காகவும் நின்றதில்லை. மனிதர்கள்தாம் அதற்காகக் காத்திருந்தார்கள்.

பேராவில் தொலைக்காட்சி பார்த்த கதையை வெறும் பொழுதுபோக்கின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. பிறர் வகுத்த நேரத்தில் வாழ்ந்த ஒரு சமுதாயம், தன் நேரத்தை மெல்ல மெல்லத் தன் கைக்குக் கொண்டுவந்த கதை அது. அந்தப் பயணத்தில் கிடைத்தவை பல. கை நழுவிப் போனவையும் உண்டு.

ஒரு பெட்டி, ஒரு கூட்டம்

மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28-ஆம் தேதி தொடங்கியது. இரண்டாவது அலைவரிசை 1969-இல் வந்தது. வண்ண ஒளிபரப்பு 1978 இறுதியில்தான் வந்தது. அதாவது, முதல் ஆறு ஆண்டுகளுக்கு அலைவரிசை மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதற்குப் பின்னரும் மாற்றினால் இன்னொன்று, மீண்டும் மாற்றினால் பழையது. அவ்வளவுதான்.

ரப்பர் தோட்டங்களில் நிலைமை இன்னும் கடினம். பல தோட்டங்களில் ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரம்தான் மின்சாரம். கார் பேட்டரியில் கறுப்பு வெள்ளைப் பெட்டியை ஓட்டிய வீடுகளும் உண்டு. பேட்டரி இறங்கினால் படம் சுருங்கும். தமிழ்ப்படம் பாதியில் நின்றால், முடிவை மறுநாள் யாரிடமாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள் வேறு அலைகளை மறைத்து, திருப்பி அனுப்பின. ஒரு முகம் இரண்டாகத் தெரிந்தால் யாராவது ஏரியலைத் திருப்ப ஓடினார்கள்.

விடியுமுன் பிரட்டுக்கு நிற்க வேண்டிய பால்வெட்டுத் தொழிலாளிக்கு இரவு நெடுநேரம் விழித்திருப்பது ஆகாத காரியம். ஒளிபரப்பின் நேரம் ஒன்று, தோட்டத்தின் நேரம் ஒன்று. இரண்டுமே அவர் வகுத்தவை அல்ல.

ஆனாலும் ஒரு சிறப்பு இருந்தது. தோட்டத்து மண்டபத்திலோ பெட்டி வைத்திருந்த வீட்டு வாசலிலோ எல்லாரும் ஒன்றாக அமர்ந்து, ஒரே காட்சியை, ஒரே நொடியில் பார்த்தார்கள். சிரிப்பும் அழுகையும் பொதுவாக இருந்தன.

நேரத்தை நகர்த்திய நாடா

சோனி நிறுவனம் 1975-இல் பீட்டாமேக்ஸ் கருவியையும், ஜேவிசி நிறுவனம் 1976-இல் விஎச்எஸ் கருவியையும் ஜப்பானில் வெளியிட்டன. ஒளிபரப்பு நேரத்துக்கு மக்கள் கட்டுப்படத் தேவையில்லை, நிகழ்ச்சியைப் பதிந்து தங்கள் நேரத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம் என்பதுதான் சோனியின் அகியோ மொரிட்டா முன்வைத்த கருத்து. அமெரிக்காவின் திரைப்பட நிறுவனங்கள் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. வீட்டில் பிறகு பார்ப்பதற்காகப் பதிவு செய்வது குற்றமாகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1984 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் கதையும் மாறியிருக்கலாம்.

இங்கே அதே 1984 ஜூன் 1-ஆம் தேதி டிவி3 தொடங்கியது. ஆனால் நம் குடும்பங்களில் வீடியோ கருவிக்கு முக்கிய வேலை ஒளிபரப்பைப் பதிவதாக இருக்கவில்லை. வாடகைக் கடையிலிருந்து வந்த தமிழ்ப்பட நாடாவை ஓட்டுவதுதான் அதன் முதல் வேலை. இரண்டாவது வேலையைத்தான் நாம் மறந்துவிட்டோம். திருமணம், காதுகுத்து, தோட்டத்து மாரியம்மன் திருவிழா ஆகியவற்றைக் கேமரா கொண்டு படம் பிடித்து, நாடாவில் சேர்த்து வைத்தார்கள்.

கோப்பையும் பாலும்

நாடாவுக்கு ஒரு குறை உண்டு. அதில் எழுதும்போதே பின்னால் சென்று படிக்க முடியாது. பதிவு முடிந்து, சுற்றித் திருப்பிய பிறகுதான் பார்க்கலாம். கணினியின் ஹார்ட் டிஸ்க் அந்தத் தடையை உடைத்தது. அதன் ஊசிமுனை ஒரு நொடியின் சிறு பகுதியில் எழுதும், அடுத்த பகுதியில் வேறோர் இடத்திலிருந்து படிக்கும். 1999-இல் அமெரிக்காவில் டிவோ, ரிப்ளே டிவி என்ற இரண்டு கருவிகள் இந்த முறையில் விற்பனைக்கு வந்தன.

பெட்டி இயங்கும் வரை, பார்க்கும் அலைவரிசையைத் தன்பாட்டுக்குப் பதிந்துகொண்டே இருக்கும். தொடக்கக்கால டிவோவில் இந்தத் தாற்காலிகச் சேமிப்பு அரை மணி நேரம். பால்மரத்தில் கட்டிய கோப்பையை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். பால் சொட்டும்போது தொழிலாளி மரத்தடியில் நிற்க வேண்டியதில்லை. அடுத்த மரத்துக்குப் போகலாம். கோப்பை அவருக்காகச் சேர்த்து வைக்கும். ஒரே வேறுபாடு, கோப்பை நிரம்பினால் வழிவது புதிய பால். இந்தப் பெட்டியில் வழிந்து போவது பழையது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அலைகளை வாங்கும் டியூனர் ஒன்று மட்டும் இருந்தால், அலைவரிசையை மாற்றிய கணமே கோப்பை கவிழ்ந்துவிடும். சேர்த்த அரை மணி நேரமும் போய்விடும். ஓயாமல் தாவுகிறவருக்கு நிறுத்திப் பார்க்கும் வசதியால் பயனில்லை. ஓரிடத்தில் நிலைத்திருப்பவருக்கே அது உதவும்.

தாவுவதும் முன்போல் வேகமாக இல்லை. பழைய முறையில் எண்ணைத் திருப்பியதும் படம் வந்துவிடும். டிஜிட்டல் ஒளிபரப்பில் எல்லாப் படமும் முழுப்படம் அல்ல. இடையிடையேதான் முழுப்படம் வரும், மற்றவை அதிலிருந்து மாறிய பகுதிகளை மட்டும் சொல்லும். அடுத்த முழுப்படம் வரும் வரை பெட்டி காத்திருக்க வேண்டும். கட்டண அலைவரிசையென்றால் பூட்டைத் திறக்கும் குறியீட்டுக்கும் காத்திருக்க வேண்டும்.

வானத்திலிருந்து வந்த தமிழ்

மீசாட்-1 செயற்கைக்கோள் 1996 ஜனவரியில் விண்ணில் ஏவப்பட்டது. அதே ஆண்டில் ஆஸ்ட்ரோ சேவை தொடங்கியது. வானவில் அலைவரிசை நாள் முழுதும் தமிழைக் கொண்டுவந்தது. முன்பு தமிழ் நிகழ்ச்சிக்கென்று ஒதுக்கப்பட்ட நேரத்துக்குக் காத்திருந்தவர்கள், இப்போது ரிமோட்டை வைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்தார்கள். 2009 இறுதியில் ஆஸ்ட்ரோ பியோண்ட் வந்தது. அதையொட்டிய பதிவுப் பெட்டிகளால் நேரலையை நிறுத்தும் வசதியும் பரவியது. மழைதான் இன்னும் யாருக்கும் கட்டுப்படவில்லை. தைப்பிங் போன்ற ஊர்களில் கொட்டும் மழை, செயற்கைக்கோள் அலையை வழியிலேயே உறிஞ்சிவிடும். வந்து சேராததை எந்தப் பெட்டியாலும் சேமிக்க முடியாது.

இந்தக் காலத்தில் தோட்டங்களும் மாறிவிட்டன. துண்டாடலைத் தடுக்கத் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆனாலும் பின்னாளில் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. லயங்கள் இடிக்கப்பட்டன, குடும்பங்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் அதற்கப்பாலும் சிதறின. ஒரே பெட்டியைச் சுற்றி அமர்ந்தவர்கள் இன்று ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு நேரம் என்றாகிவிட்டார்கள்.

எது தங்கும்?

கட்டணத் தொலைக்காட்சிப் பெட்டியில் பதிந்தது பொதுவாக அந்தப் பெட்டியிலேயே பூட்டிக் கிடக்கும். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் பதிவும் போய்விடும். பழைய நாடா அப்படியல்ல, அது வீட்டுக்குச் சொந்தம். ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கிறது. அதை ஓட்டும் கருவியும் கிடைப்பது அரிதாகிவிட்டது. கடைசியாக அதைத் தயாரித்து வந்த ஜப்பானின் புனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

இடிக்கப்பட்ட லயங்களும், இன்று செம்பனை நிற்கும் கோயில் திடலும், மறைந்துபோன தாத்தா பாட்டியின் நடையும் குரலும் பல குடும்பங்களில் அந்த நாடாக்களில் மட்டுமே அசையும் படமாக இருக்கின்றன. பிறர் எழுதிய வரலாற்று நூல்களில் அவை இல்லை. அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் நாடாவை ஈரம் படாமல் எடுத்து, ஓட்டும் கருவி இருக்கும்போதே டிஜிட்டலுக்கு மாற்றி, யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது இளையோரின் கடமை. நேரலை அரை மணி நேரம் காத்திருக்கும். பூஞ்சை காத்திருக்காது.