மொய் நோட்டும் பின்தொடர்வோர் பட்டியலும்

கலியாண மண்டபத்தின் வாசலுக்குச் சற்று உள்ளே தள்ளி ஒரு சிறு மேசையைப் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும், வருகிறவர்களின் பெயரையும் ஊரையும் அவர்கள் வைக்கும் தொகையையும் கோடு போட்ட நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டிருக்கும் மாமா ஒருவரை நம்மில் காணாதவர் இருக்க முடியாது. "எந்த ஊரு தம்பி? அப்பா பேரைச் சொல்லு" என்று அவர் கேட்பது வெறும் சம்பிரதாயமன்று, ஒரே ஊரில் நாலு முருகேசன்கள் இருக்கக்கூடும் என்பது அவருக்குத் தெரியும். விசேஷம் முடிந்தபின் அந்த நோட்டு பீரோவுக்குள் போய்ப் பத்து வருஷம் உறங்கினாலும், அந்த முருகேசன் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகை வந்த அன்று வெளியே எடுக்கப்படும். பெயரைக் கொடுத்தவருக்கு அது யாரிடம் இருக்கிறது என்று தெரியும். வாங்கி எழுதியவருக்கு அதை எதற்காக வைத்திருக்கிறோம் என்று தெரியும்.

சமூக ஊடகம் என்று இன்று நாம் வழங்கும் ஸ்தாபனங்கள் பெருகியபோது, கோடானுகோடி ஜனங்கள் தங்கள் மொய் நோட்டைப் பிறர் வீட்டுப் பீரோவில் வைக்கத் தொடங்கினார்கள். தன்னைப் பின்தொடர்கிறவர்கள் யார் யார் என்பதை ஒருவன் திரையில் பார்க்கலாம். விரலால் தள்ளித் தள்ளி அடிவரைக்கும் போகலாம். ஆனால் அந்தப் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டுமென்றால் வாசலில் காவற்காரன் நிற்கிறான். அவனிடம் அநுமதி கேட்டும், கெஞ்சியும், சில சமயம் அவன் கண்ணில் மண்ணைத் தூவியும், பட்டியலை வெளியே கொண்டுவந்து கட்டங்களில் அடுக்கிய முயற்சிகளின் சரித்திரம் சுமார் இருபது வருஷத்துக்குள் அடங்கிவிடுவதுதான். எனினும், பெயர்ப்பட்டியல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை அது கூர்மையாக்கியதுபோல் முன்னெந்தக் காலமும் கூர்மையாக்கவில்லை.

பட்டியலுக்கு வியாபார மதிப்பு உண்டு என்பது பழைய சங்கதி. அமெரிக்காவில் அயோவா ராஜ்யத்து சூ சிட்டி நகரத்தைச் சேர்ந்த ஜோசப் ஸ்மித் டங்கன் என்பவர் 1896ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற அட்ரஸ்ஸோகிராப் என்னும் முகவரி அச்சிடும் யந்திரம், தபால் வழி வியாபாரம் செய்தவர்களுக்கும் பத்திரிகை நடத்தியவர்களுக்கும் பெரும் வரப்பிரசாதமாக அமைந்தது. பின்னாளில், வாடிக்கையாளர் ஒருவருக்கு ஓர் உலோகத் தகடு என்ற கணக்கில் தகடுகள் நிரம்பிய பெட்டிகளே ஒரு கம்பெனியின் ஆஸ்தியாக எண்ணப்பட்டன. 1979இல் டான் பிரிக்லினும் பாப் பிராங்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்காக விசிகால்க் என்ற விரிதாளை வெளியிட்டபோது, வரவு செலவுக் கணக்குக்காக அவர்கள் வகுத்த கட்டங்களில் எண்களோடு பெயர்களும் வெகுசீக்கிரம் குடியேறின. 1985இல் மாக்கின்டாஷுக்காக எக்ஸெல் வந்தது. இவற்றுக்கிடையே பண்டமாற்றுக்கு உதவிய நாணயம் சிஎஸ்வி என்னும் எளிய கோப்பு: ஒரு வரிக்கு ஓர் ஆள், ஒரு விவரத்துக்கும் அடுத்த விவரத்துக்கும் இடையே ஒரு காற்புள்ளி, அவ்வளவுதான். பல வருஷம் வழக்கில் இருந்த பிறகு 2005இல்தான் அதற்கு எழுத்து வடிவில் ஓர் இலக்கணம் வகுக்கப்பட்டது என்பதிலிருந்தே, அது எவ்வளவு சாமானியமான பொருள் என்பது விளங்கும்.

வாசலில் நடந்த முதற்பெரும் தகராறு 2008ஆம் ஆண்டு ஜனவரி மாதத் தொடக்கத்தில் நிகழ்ந்தது. தொழில்நுட்ப உலகில் பிரசித்தி பெற்ற எழுத்தாளர் ராபர்ட் ஸ்கோபிள், பேஸ்புக்கில் தமக்கிருந்த ஏறத்தாழ ஐயாயிரம் நண்பர்களின் பெயர், மின்னஞ்சல், பிறந்தநாள் ஆகியவற்றைத் திரட்டி வேறோரிடத்துக்குக் கொண்டுபோகும் பொருட்டு, பிளாக்ஸோ என்ற கம்பெனி அப்போது பரீட்சை செய்துகொண்டிருந்த தானியங்கி நிரல் ஒன்றை ஓடவிட்டார். மின்னஞ்சல் முகவரிகளை யந்திரம் படித்துவிடக் கூடாதென்பதற்காகவே பேஸ்புக் அவற்றை எழுத்தாக அன்றிப் படமாகக் காட்டிவந்தது. பிளாக்ஸோவின் நிரலோ அந்தப் படத்தையும் உற்றுநோக்கி எழுத்தாகப் படித்தது. மனிதக் கைக்குச் சாத்தியமில்லாத வேகத்தில் பக்கங்கள் புரள்வதைக் கண்ட பேஸ்புக் அவர் கணக்கையே முடக்கிவிட்டது. நிரலை இனி ஓட்டுவதில்லை என்று அவர் ஒப்புக்கொண்டதன்மேல் மறுநாளே கணக்கு திரும்பக் கிடைத்ததாயினும், அபிப்பிராயங்கள் இரண்டாகப் பிளந்தன. என் நண்பர்களின் விலாசம் என்னுடையதே என்றனர் ஒரு சாரார். நண்பர் உனக்குத்தான் காட்டினாரேயன்றி நீ எடுத்துக்கொண்டு போகும் மூன்றாம் கம்பெனிக்கு அன்றே என்றனர் மறுசாரார். இரண்டிலும் நியாயம் இருந்ததுதான் இந்த விவகாரத்தின் விசேஷம்.

பெரிய வீட்டுக்காரர்கள் தங்களுக்குள்ளும் இதற்காகச் சச்சரவிட்டுக்கொண்டார்கள். ஜிமெயிலில் உள்ள முகவரிகளைத் தன்னிடம் வரவழைத்துக்கொள்ளும் பேஸ்புக், தன்னிடமுள்ளவற்றைத் திருப்பித் தருவதில்லை என்று கூறிக் கூகுள் 2010 நவம்பரில் அந்த வழியை அடைத்தது. உடனே பேஸ்புக் என்ன செய்ததென்றால், ஜிமெயில் பயனர் தம் முகவரிகளைத் தாமே கோப்பாக இறக்கிக்கொள்ளும் பக்கத்துக்கு நேரே ஒரு சுட்டியைக் கொடுத்து, இறக்கிய கோப்பை இங்கே ஏற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டது. ராஜபாட்டையை மூடினால் வரப்பு வழியாகப் போகலாம் என்பதற்கு அந்தச் சிறு கோப்பு சாட்சியாயிற்று.

பின்தொடர்வோர் என்ற சொல்லுக்கே வாழ்வு கொடுத்தது 2006இல் தோன்றிய ட்விட்டர். சிநேகம் இருதரப்புச் சம்மதத்தால் ஏற்படுவது. பின்தொடர்தலோ ஒருதலையானது, பெரும்பாலும் பகிரங்கமானது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே தன் ஏபிஐயை, அதாவது பிற நிரல்கள் வந்து கேட்டுப் பெறுவதற்கான வாயிலை, ட்விட்டர் திறந்துவைத்தது. தொடக்கத்தில் இத்தகைய சேவைகளுக்கு ஜனங்கள் தங்கள் கடவுச்சொல்லையே கொடுத்துவந்தார்கள். ஒரு சாமான் எடுத்துவர வீட்டுச் சாவிக்கொத்தையே ஒப்படைப்பது போன்ற இந்த ஆபத்தான வழக்கத்தை ஓஆத் என்னும் முறை மாற்றியது. 2010 ஆகஸ்டு இறுதியோடு ட்விட்டர் கடவுச்சொல் வழியை அடியோடு நிறுத்திவிட்டது.

அதே சமயத்தில், நிரல் எழுதத் தெரியாத சாமானியர்களும் இரண்டு சேவைகளைக் கோத்து வேலை வாங்கும்படியான கருவிகள் முளைத்தன. ஒன்று நிகழ்ந்தால் மற்றொன்றைச் செய் என்ற சூத்திரத்தையே பெயராகச் சுருக்கிக்கொண்ட ஐஎப்டிடிடி ஒன்று. மிசௌரி ராஜ்யத்துக் கொலம்பியாவில் மூன்று நண்பர்கள் 2011இல் தொடங்கிய ஜேப்பியர் மற்றொன்று. அங்கே ஏதேனும் புதிதாக வந்தால் இங்கே விரிதாளில் ஒரு வரி சேர்ப்பாயாக என்று ஒருமுறை சொல்லிவைத்தால் போதும். முதலாளி தூங்கும்போதும் கணக்குப்பிள்ளை எழுதிக்கொண்டிருப்பார். மார்ட்டின் ஹாக்ஸி என்பவர் ட்வீட்டுகளைக் கூகுள் விரிதாளில் தானே சேர்த்துக்கொள்ளும்படி அமைத்த டேக்ஸ் என்ற தாள், ஆராய்ச்சி மாணவர்களுக்கிடையே நல்ல பெயர் பெற்றது.

இந்த வசந்தகாலம் நெடுநாள் நீடிக்கவில்லை. ட்விட்டர் தன் விதிகளில் நூதனமான ஒரு பேதத்தை வகுத்தது: மனிதன் தன் கையால் சேமிப்பு விசையை அழுத்தி விரிதாளாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நிரல் தானாகவே மேகக் கிடங்குகளுக்கு ஏற்றுமதி செய்யலாகாது. இதன் விளைவாக 2012 செப்டம்பர் 27 அன்று ஐஎப்டிடிடி, ட்விட்டரிலிருந்து வெளியே எடுக்கும் சூத்திரங்களையெல்லாம் நீக்க நேர்ந்தது. அடுத்து வந்த ஏபிஐயின் 1.1 பதிப்பு ரேஷன் முறையைக் கண்டிப்பாக்கியது. கால் மணி நேரத்துக்குப் பதினைந்து முறை கேட்கலாம் என்றிருந்தது. ஒரு முறைக்கு 5,000 பின்தொடர்வோரின் எண்கள் கிடைத்தன. கிடைத்தவை எண்களே, எண்ணுக்குரிய பெயரை அறியத் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது, அதுவும் நூறு நூறு பேராக. லட்சம் பேர் பின்தொடரும் ஒருவரின் பட்டியலுக்கு இப்படி ஆயிரம் விண்ணப்பங்கள் தேவைப்பட்டன; கால் மணிக்கு 180 விண்ணப்பமே அநுமதி என்றிருந்ததால், கருவியானது நியாயவிலைக் கடை வரிசையில் பையோடு நிற்பவரைப்போல் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்து நின்றே பட்டியலை முடித்தது.

அவ்வாறு அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த கோப்பை விரிதாளில் திறக்கும்போது நேரும் விபரீதங்களையும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. எக்ஸெல் ஓர் எண்ணில் பதினைந்து இலக்கங்களைத்தான் துல்லியமாக வைத்திருக்கும். ட்விட்டரின் பிற்காலப் பயனர் எண்களோ பதினெட்டு, பத்தொன்பது இலக்கங்கள் கொண்டவை. ஆகவே கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் பூஜ்யங்களாகிவிட, ஒருவருடைய எண் எவருக்கும் உரியதல்லாத எண்ணாக மாறும். தமிழ்ப் பெயர்களுக்கு நேர்ந்த கதியோ இன்னும் பரிதாபம். யூடிஎப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுவது. மெய்யின் புள்ளியும் தனிக் குறியே. கண்ணன் என்ற பெயர் இவ்வாறு ஆறு குறிகளாய்ப் பதினெட்டு பைட்டுகளாய்க் கோப்பில் கிடக்கும். குறியீட்டைச் சொல்லாமல் கோப்பைத் திறந்தால், விரிதாள் அவற்றை இலத்தீன் எழுத்துகளென எண்ணி, தலையில் கோடும் பக்கத்தில் வட்டமும் கொண்ட பொருளற்ற உருக்களை வரிசையாக நிறுத்திவிடும். கண்ணன் எங்கே என்று தேடினால் கட்டம் முழுக்க மாயைதான்.

2018ஆம் ஆண்டு மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற கம்பெனியின் விவகாரம் வெடித்தபோது, அதுவரை வசதி என்று கருதப்பட்டதன் மறுபக்கம் உலகத்துக்குத் தெரிந்தது. அலெக்சாண்டர் கோகன் என்ற ஆராய்ச்சியாளர் பேஸ்புக்கில் அமைத்த வினாவிடைச் செயலியைச் சுமார் 2,70,000 பேரே நிறுவியிருந்தும், அவர்களுடைய நண்பர்களின் விவரங்களும் அதன் வழியே அந்தக் கம்பெனிக்கு ஒழுகியமையால், 8 கோடியே 70 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று பேஸ்புக்கே அறிவித்தது. இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர். ஸ்கோபிளின் நாளில் மறுசாரார் எழுப்பிய ஆட்சேபம் எத்தனை தீர்க்கதரிசனமானது என்பதற்கு இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரமே போதும். உடனே கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்பட்டன. அடுத்த சில வாரங்களுக்குள் இன்ஸ்டகிராம், ஒரு பயனருக்கு மணிக்கு 5,000 என்றிருந்த விண்ணப்ப வரம்பை முன்னறிவிப்பின்றி 200 ஆகக் குறைத்து, சில நாளில் பின்தொடர்வோர் பட்டியல் தரும் வழியையே மூடியது.

கதவு மூடினால் ஜன்னல் வழியாக எட்டிப்பார்ப்பது மனித சுபாவம். உலாவியை மனிதன்போல் இயக்கும் தானியங்கிகள், திரையில் தெரிவதை வரிவரியாகச் சுரண்டி விரிதாளில் இடும் தொழிலை மேற்கொண்டன. அது விதிமீறல் என்று ஸ்தாபனங்கள் கணக்குகளை முடக்கின. பகிரங்கமாகக் கிடக்கும் விவரத்தைச் சுரண்டுவது குற்றமா என்பதைப் பற்றி லிங்க்டுஇன்னுக்கும் ஹைக்யூ என்ற சிறு கம்பெனிக்கும் 2017இல் மூண்ட வழக்கு, மேல்நீதிமன்றம் இருமுறை ஹைக்யூவின் பக்கம் சாய்ந்தும், ஈற்றில் 2022 டிசம்பரில் சமரசத்தில் முடிந்தது.

அதே 2022ஆம் ஆண்டு அக்டோபர் 27 அன்று ட்விட்டர் கைமாறியதும் பெரும் கூட்டம் மாஸ்டடான் என்ற வேறோர் ஊருக்குப் புறப்பட்டபோது, நாம் முன்பு கண்ட எளிய கோப்பே அவர்களுக்கு வண்டியாயிற்று. பெடிபைண்டர், டிபேர்டிபை போன்ற கருவிகள் ஒருவர் பின்தொடர்கிறவர்களின் அறிமுகக் குறிப்புகளைத் துழாவி, அவற்றில் மாஸ்டடான் விலாசம் எழுதிவைத்தவர்களை மட்டும் பொறுக்கிச் சிஎஸ்வி கோப்பாகத் தந்தன. அதைப் புதிய வீட்டில் ஏற்றினால் பழைய அண்டைவீட்டார் கிடைத்துவிடுவார்கள். தாமே விரும்பி விலாசம் சொன்னவர்களை மட்டும் எடுத்துச் சென்ற இந்த முறை, பதினான்கு வருஷத்துக்கு முன் இரு சாராரும் இட்ட வழக்குக்கு ஒருவாறு தீர்ப்பளித்தது என்றே நான் கருதுகிறேன். 2023 பிப்ரவரியில், ஏபிஐயை இனி இலவசமாகத் தருவதில்லை என்று ட்விட்டர் அறிவிக்கவே, இப்படிப்பட்ட கருவிகளின் காலமும் முடிவுக்கு வந்தது.

ஐரோப்பியச் சட்டம் 2018 மே முதல் ஒருவன் தன் விவரங்களைக் கோப்பாகப் பெற்று வேறிடம் கொண்டுசெல்லும் உரிமையை அளித்துள்ளது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்வுரிமை இடம்பெறவில்லை. ஆயினும் கேட்டால் ஸ்தாபனங்கள் தருகின்றன. ட்விட்டர் தந்த அந்தரங்கப் பெட்டகத்தை ஒருநாள் நானும் இறக்கி, பின்தொடர்வோர் கோப்பைத் திறந்து பார்த்தேன். வரிக்கு வரி நீண்ட ஓர் எண், அதையே மறுபடி சொல்லும் ஒரு சுட்டி. பெயர் ஒன்றுகூட இல்லை. மண்டபத்து மாமா தொகையை மட்டும் எழுதிவிட்டு, ஊரையும் அப்பா பேரையும் கேட்காமல் அனுப்பிவிட்ட நோட்டு அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்த முருகேசன் வீட்டுக்குப் போய்ச் செய்முறை செய்வது?