திருப்பிச் சொன்னால் புரிந்துவிட்டதா? உயரம் குறித்த மூன்று உரையாடல்களின் வரலாறு

மேகமும் மழையும் ஓடுபாதையை மறைத்திருக்கும்போது விமானி கருவிகளை நம்பியே இறங்குகிறார். எந்த இடம்வரை எந்த உயரத்துக்குக் கீழே செல்லலாகாது என்பதை வரைபடம் சொல்கிறது. எப்போது இறங்கலாம் என்பதை வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் குரல் சொல்கிறது. கேட்ட உயரத்தை விமானி திருப்பிச் சொல்லவேண்டும், பிழையிருந்தால் கட்டுப்பாட்டாளர் திருத்தவேண்டும் என்பது விதி. இவ்விதி செவியைச் சோதிக்கிறது, புரிதலைச் சோதிப்பதில்லை. இவ்வேறுபாடு எத்தனை உயிர்களைக் கொண்டது என்பதை மூன்று விபத்துகள் காட்டுகின்றன.

முதலாவது, 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நிகழ்ந்தது. டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514ஆம் எண் போயிங் 727 விமானம், வாஷிங்டன் நேஷனல் நிலையத்தில் குறுக்குக்காற்று பலமாக வீசியதால் டல்லெஸ் நிலையத்துக்குத் திருப்பப்பட்டது. ஓடுபாதை இன்னும் 40 கடல்மைலுக்கும் அப்பால் இருக்கையில், அதை அணுகுவதற்கான அனுமதி வழங்கப்பட்டது. சொற்கள் பிழையின்றிச் சொல்லப்பட்டன. பிழையின்றிக் கேட்கவும் பட்டன. ஆனால் ‘அனுமதி’ என்பதற்கு இரு பொருள்கள் இருந்தன. அணுகுமுறையின் தொடக்க உயரமான 1,800 அடிக்கு உடனே இறங்கலாம் என விமானிகள் கொண்டனர். வரைபடத்திலுள்ள குறைந்தபட்ச உயரங்களைக் காத்துக்கொள்வது விமானியின் பொறுப்பு எனக் கட்டுப்பாட்டாளர் கொண்டார்.

ரவுண்ட் ஹில் என்னும் குறிப்பிடத்தை நோக்கிய தடத்துக்கு வரைபடம் 3,400 அடி எனக் காட்டுவதைத் தலைமை விமானி கவனித்தார். அதைப் பற்றிப் பேசவும் செய்தார். ஆயினும், அனுமதி தந்துவிட்டால் இறங்கலாம் என்றே பொருள் என்று அவர் முடிவுசெய்ததை விமானி அறையின் ஒலிப்பதிவு காட்டுகிறது. விமானம் மவுண்ட் வெதர் மலையில் மோதியது. 92 பேரும் இறந்தனர். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விமானிகளின் முடிவைக் காரணமாகக் கூறியது; அம்முடிவுக்கு வித்திட்டது கட்டுப்பாட்டு நடைமுறைகளின் தெளிவின்மை என்பதையும் அதே வாக்கியத்தில் ஏற்றது. வாரிய உறுப்பினர்களுக்குள்ளேயே இதில் கருத்தொற்றுமை இல்லை.

இதே மயக்கத்தில் வேறொரு நிறுவனத்தின் விமானம் ஆறு வாரங்களுக்கு முன்னரே சிக்கித் தப்பியிருந்தது. அந்நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. பிறரை எச்சரிக்கும் வழி அன்று இல்லை. அக்குறையை நீக்கவே, தண்டனை அச்சமின்றி விமானிகள் பிழைகளைத் தெரிவிக்கும் அமைப்பை 1976இல் நாசா நடத்தத் தொடங்கியது.

இரண்டாவது விபத்தில் சிக்கல் பொருளிலன்று, ஒலியில் இருந்தது. 1989 பிப்ரவரி 19 அன்று, ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் நிலையத்தை நெருங்கியது. கட்டுப்பாட்டாளர் சொன்னது: ‘டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’. அவர் கருதியது 2,400 அடி. விமானிகள் கொண்டது 400 அடி. ஆங்கிலத்தில் இரண்டு என்னும் எண்ணும், ‘வரை’ எனப் பொருள்படும் முன்னிடைச்சொல்லும் ஒரே ஒலியுடையவை. ‘இறங்கு’ என்னும் வினைக்குப் பின் முன்னிடைச்சொல்லை எதிர்பார்ப்பது அம்மொழி கேட்பவரின் இயல்பு. சொல்லப்படாத இடைச்சொல்லைச் செவியே இட்டு நிரப்பிக்கொள்ள, எண்ணின் முதல் இலக்கம் மறைந்தது. விமானிகள் ‘ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று திருப்பிச் சொன்னபோது அது திருத்தப்படவில்லை. எதிர்பார்த்ததைக் கேட்கும் இயல்பு இருபுறச் செவிகளுக்கும் உண்டு. தரை நெருங்குவதைக் கருவி எச்சரித்தும் விமானம் மேலெழவில்லை. குன்றில் மோதி நால்வரும் மாண்டனர்.

‘டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்’ என்று சொல்லியிருந்தால் முதற்சொல் இடைச்சொல்லாகக் கேட்டிருந்தாலும் ‘தவுசண்ட்’ பொருளற்றுத் தனித்து நின்றிருக்கும். பிழை அப்போதே வெளிப்பட்டிருக்கும்.

மூன்றாவது இந்தியாவில் நிகழ்ந்தது. 1996 நவம்பர் 12 அன்று, தில்லியை நோக்கி இறங்கிய கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடியும், தில்லியிலிருந்து ஏறிய சவூதி விமானத்துக்கு 14,000 அடியும் ஒதுக்கப்பட்டன. கஜக விமானம் தனக்குரிய உயரத்தை அடைந்ததாக அறிவித்தது. ஆனால் அதற்குக் கீழேயும் இறங்கிக்கொண்டிருந்தது. வானொலியில் பேசியவர் விமானத்தைச் செலுத்தியவர் அல்லர். தனி வானொலி இயக்குநர். தில்லியின் அன்றைய ராடார் விமானங்களின் உயரத்தைக் காட்டாது. ஆகவே கட்டுப்பாட்டாளருக்கு உயரத்தின் ஒரே சான்று அந்தக் குரல்தான். சர்க்கி தாத்ரி வானில் இரு விமானங்களும் மோதி 349 பேர் இறந்தனர்.

விசாரணை, கஜகக் குழுவினரின் ஆங்கிலக் குறைபாட்டையும் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு 2003இல் ஏற்ற மொழித்தேர்ச்சி விதிகளுக்கு இத்தகைய விபத்துகளே பின்னணி. அவை தேவையான விதிகள். ஆயினும் ‘ஆங்கிலம் தெரியாமையே காரணம்’ என்னும் எளிய முடிவை முதல் விபத்து மறுக்கிறது. அமெரிக்க வானில், அமெரிக்க விமானிகளும் அமெரிக்கக் கட்டுப்பாட்டாளரும் ஆங்கிலத்தில் பேசிய உரையாடல் அது. எந்த மொழித்தேர்விலும் அவர்கள் தோற்றிருக்கமாட்டார்கள்.

அவ்விபத்துக்குப் பின் அமெரிக்கா செய்த திருத்தம் மொழித்தேர்வன்று. வெளியிடப்பட்ட தடத்தில் விமானம் நிலைபெறும்வரை காக்கவேண்டிய உயரத்தையும் அணுகுமுறை அனுமதியுடன் சேர்த்துக் கட்டுப்பாட்டாளரே சொல்லவேண்டும் என்றாயிற்று. ஒரு தொடர் சில சொற்கள் நீண்டது. கேட்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்லாமல் விடப்பட்டிருந்தவை அச்சொற்கள்.